கால்வாய்க் கூட்டத்தில் கேட்காத கேள்வி

அன்பு மகளுக்கு,

கடலைத் தோண்டிக் கப்பல் விடும் கால்வாய்த் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்ட கூட்டத்தில், உன் அப்பன் மைக்கைத் தலைகீழாகப் பிடித்ததை மேடையிலிருந்து பார்த்திருப்பாய். பெற்ற மகளே பொறியாளராக எதிரில் நின்றபோது மைக் என்ன, என் கையே எதுவென்று தெரியவில்லை.

நன்றாகத்தான் பேசினாய். நிலமுனையைச் சுற்றிப் போகிற கப்பல் கால்வாய் வழியே குறுக்கே போனால் எண்ணெய் மிச்சம், துறைமுகம் வந்தால் இங்குள்ள பிள்ளைகளுக்கு வேலை. பொய்யில்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. தோண்டியெடுக்கும் சேற்றைப் பற்றி மட்டும், "பாதுகாப்பான இடத்தில் கொட்டப்படும்" என்று வேகமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாய்.

பக்கத்திலிருந்த படகுக்காரர்கள் என்னை இடித்தார்கள். "உன் பொண்ணுதானேய்யா, எந்த இடம்னு நீயே கேளு!"

எழுந்தேன். வாயில் வந்தது என்ன தெரியுமா? "கப்பல் போறப்ப ஹார்ன் அடிக்குமாங்க?"

கூட்டமே சிரித்தது. நீயும் சிரித்து, "அடிக்கும், ஐயா" என்றாய்.

வெளியே வந்ததும் என் கூட்டாளி, "இதைக் கேக்கத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டியா?" என்றான். இன்று படகில் முழுநேரமும் அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வலையை விட அந்த மௌனத்தை இழுப்பதுதான் பாரமாக இருந்தது. அலுத்துவிட்டது, அம்மா.

அத்தனை பேர் முன்னால் உன்னைத் திணறவைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தில் நாம் இரண்டு பேர்தான். சேற்றைக் கொட்டப்போவது நாங்கள் வலை போடுகிற இடத்தில்தானே?

உன் அப்பா