உன் தாத்தா வளர்த்த தீவு

என் செல்லப் பேத்திக்கு,

பெரிய கப்பல்கள் வர, நம் தீவின் ஓரத்தை வெட்டி எடுக்கப் போகிறார்களாமே. அதற்கு வரைபடம் போடும் பொறியாளர் நீதானாமே; அதில் நம் வீட்டின் மேல் வெட்டுக் கோடு போட உனக்குக் கை வரவில்லை என்று உன் அப்பன் சொன்னான்.

நான் வாக்கப்பட்டு வந்தபோது இந்த வீடு இருக்கும் இடத்தில் ஆறுதான் ஓடியது. உன் தாத்தா உருக்கு ஆலையிலிருந்து இரும்பு உருக்கி மிஞ்சிய கொதிக்கும் கசடை வண்டி வண்டியாக ஆற்றில் கொட்டுவார்; அது ஆறி இறுகி நிலமாகும். தண்ணீர் அலறும், வானம் சிவக்கும். நான் வாய் பிளந்து நிற்பேன். "நகை கேட்டியே, இந்தா, தீவே வளர்த்துத் தர்றேன்" என்பார்.

அவர் தண்ணீரை நிலமாக்கினார். நீ நிலத்தைத் தண்ணீராக்கப் போகிறாய். ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு கைகளா என்று மலைப்பாக இருக்கிறது.

கோட்டை நேராகப் போடு. சட்டி பானைகளைக் கட்டிவிட்டேன். நம் அடுப்படி மேல் போகும் முதல் கப்பலில் நான் நிற்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய உன் பாட்டி