கதவில் ஒட்டிய என் முகம்

ரலிட்சா,

கேமரா வாங்க என்னிடம் வாங்கிய பணத்தில் நீ இன்னும் 640 லெவா தர வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுப்பின் மேல் பீன்ஸ் சூப் இருக்கிறது, சூடாக்கிக் குடி. ஸ்டூடியோ சாவி ரொட்டி டப்பாவுக்குள்.

விடியற்காலை வேலைக்குக் கிளம்பியவன் திரும்பி உள்ளே வந்து இதை எழுதுகிறேன். வாசல் கதவில் நீ ஒட்டியிருக்கும் ஸ்டூடியோ விளம்பரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மாதிரிப் படமாக என் முகம், சுற்றிலும் கறுப்புக் கட்டம், அடியில் என் பெயர். நம் ஊரில் செத்தவன் வீட்டுக் கதவில்தானே அப்படி ஒட்டுவார்கள், மகளே? எதிர்வீட்டு ஸ்தொயான்கா அழுதுகொண்டே பூவோடு வந்துவிட்டாள். என்னைக் கண்டதும், "அடப்பாவி மின்சோ, உயிரோடவா இருக்க? செடியில இருந்த ரெண்டு ரோஜாவையும் பறிச்சுட்டேனேடா!" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று ஆறாவது மாடிச் சாரத்தில் வேலை. அதைப் பார்த்துவிட்டு மேலே ஏற மனம் வரவில்லை.

"பாஸ்போர்ட் படம், சாவுப் படம், அதுதான் ஓடும்" என்று நேற்று நான் சொன்னதற்கு, "உயிரோட இருக்கிறவங்க சிரிக்கிறதத்தான் எடுப்பேன்பா" என்று கத்தினாய். நீ சொன்னதுதான் சரி.

பத்து மணிக்கு ஸ்டூடியோ திறக்கக் கிளம்பும் முன் கதவில் இருப்பதை எடுத்துவிடு. என் முகத்தை நானே கிழிக்கப் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் நேராக ஸ்டூடியோவுக்கு வருகிறேன். நான் சிரிப்பதுபோல் கலரில் ஒரு படம் எடுத்து மாட்டு. அந்தப் படத்துக்கு 640 லெவா கழிந்தது.

அப்பா

ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது: நான் வராமல் போனாலும் நீ எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை.