விற்ற இன்ஜின்

14.6.1998, ஞாயிறு

தம்பி சேகர் பரோலில் வந்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை சிறைக்குத் திரும்ப வேண்டும். அவனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான்.

இன்று காலை தன் படகு இன்ஜினைப் பக்கத்து வீட்டுக் கோவிந்தனுக்கு விற்றான். பணத்தை வாங்கிக்கொண்டான், இன்ஜினைக் கொடுக்கவில்லை.

"இன்னா அண்ணாத்த, துட்டு வாங்கிக்கின, இன்ஜின் மட்டும் உன் வூட்லயே கீது?" என்றான் கோவிந்தன்.

"வெள்ளிக்கிழமை நல்ல நாளு, வந்து தூக்கினு போ. அத்த நான் இன்னா ஜெயிலுக்கா எத்துனு போவப்போறேன்?"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பி.காம். வகுப்பில் விற்பனைச் சட்டம் படித்திருக்கிறேன். விலை பேசி முடித்துவிட்டால், நம் வீட்டில் கிடந்தாலும் அது கோவிந்தனின் பொருள். அதைப் படகில் மாட்டிக்கொண்டு சேகர் ஓடிவிட்டால் திருட்டும் சேர்ந்துகொள்ளும். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

மாலையில் அவன் சதுரங்கப்பட்டினம் ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போனதும் இன்ஜின் கிடக்கும் கொட்டகைக்குள் பார்த்தேன். நேற்று காலியாக இருந்த, இன்ஜினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் கேன் நிறைந்திருந்தது. இன்ஜினில் சுற்றி இழுத்துக் கிளப்பும் கயிற்றை எடுத்து வந்து அரிசி டின்னுக்குள் ஒளித்தேன்.

கயிறு எங்கே என்று அவன் கேட்டால் இன்ஜினைக் கிளப்பப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். சாப்பிடும்போது கேட்கவில்லை. நானாகத்தான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்தேன்.

படுக்க வந்தால், காயப்போட்ட துணியெல்லாம் மடித்து என் கட்டில்மேல் இருக்கிறது. சேகர்தான் மடித்திருக்கிறான். கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். துணி காயப்போடும் கயிற்றைக் காணவில்லை.