ஓட்டப் பாக்கி

ஜூன் 2

சின்னவளின் தாத்தாவுக்கு,

நம் மகள் பெரியவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, இனி உங்களோடு பேசமாட்டேன் என்று வாசலில் நின்று சொன்னேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதம். நாலாம் வகுப்பைத் தாண்டாதவள் எழுத்து. பிழையைப் பார்த்துச் சிரித்துவிட்டு விஷயத்தைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

நம் மகனும் மருமகளும் வேலைக்குக் கடல் கடந்தபோது, "அப்பா வீட்டுப் பக்கம்தாம்மா நல்ல பள்ளிக்கூடம்" என்று சொல்லிப் பேத்தியை உங்களிடம் விட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது லீவுக்கு என்னிடம் வந்திருக்கிறாளே, அவள் படியேறுகிறதைப் பார்த்தீர்களா? சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், என்னைவிடக் கிழவியாக. காலைத் தொட்டேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வீங்கிச் சூடாக இருந்தது. விரல் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்குள் தொம் தொம் என்று சத்தம். தையல் கடைக்குப் பின்னால் இருக்கிற இந்த ரெண்டு அறையில் எலி உண்டு, ஆனால் எலி இப்படிக் குதிக்காது. எழுந்து பார்த்தால், இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிக்கிறாள்.

"படுடி, பைத்தியக்காரி" என்றேன்.

"இன்னைக்கு விட்டா நாளைக்கு ரெண்டு பங்கு ஓடணும் பாட்டி. பாக்கி ஏறிடும்."

"யாருடி அந்த வட்டிக்காரன்?"

"தாத்தா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாக்கி என்கிற வார்த்தையை நான் பெரியவள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன்.

டாக்டரிடம் காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையைப் படுக்க விடுங்கள். பிச்சையாகக் கேட்கவில்லை. சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளைப் பெற்றவள்

---

ஜூன் 9

என் மகனின் தாயாருக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறிய குப்பை மாதிரியே இருக்கிறது. ஆனால் திட்டு மட்டும் தெளிவாகப் புரிகிறது.

ஓடுகிற பிள்ளைகளுக்கு முன்னெலும்பு வலிப்பது சகஜம். துணி சுற்றி ஓடினால் பழகிவிடும். தேர்வுப் போட்டி நெருங்குகிறது. இவளுக்கு இருக்கிற கால் என் சர்வீஸில் ரெண்டு பேருக்குத்தான் இருந்தது. இந்த நேரத்தில் படுக்கையைக் காட்டினால் உடம்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வலி என்பது சோம்பல் போடும் வேஷம் என்று மைதானத்தில் எத்தனையோ வருஷம் சொல்லியிருக்கிறேன், பொய்யாகவில்லை.

நானும் சும்மா இருந்துகொண்டு அவளை விரட்டவில்லை. இந்த வயதிலும் தினமும் விடியலில் ஷூ மாட்டுகிறேன். மழை, ஜுரம், உறவினர் சாவு, எதற்கும் நிறுத்தியதில்லை. அவள் என் பின்னால் வருகிறாள், அவ்வளவுதான்.

லீவு முடிந்ததும் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
டிரில் மாஸ்டர் (ஓய்வு)

---

ஜூன் 14

சின்னவளின் தாத்தாவுக்கு,

ஓய்வு என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்கிறீர்களே, அது பென்ஷன் ஆபீசுக்கு மட்டும்தானா?

எனக்கு மறதி கிடையாது. அது உங்கள் குடும்பத்துக்கே தெரியும். கல்யாணமான புதிதில் நான் ஜுரமாகக் கிடந்தபோது உங்கள் அக்கா வாசற்படியில் நின்று, "மகாராணி எழுந்தாச்சா?" என்று கேட்டார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவள் பெரியவள் விஷயத்தை மறப்பேனா?

அன்று செவ்வாய்க்கிழமை. நீங்கள் நீலக் கோடு போட்ட பனியன் போட்டிருந்தீர்கள். விசில் கயிறு அறுந்து முடிச்சுப் போட்டிருந்தீர்கள். பெரியவள் முகம் சிவந்து சுருண்டு கிடந்தாள். குனிந்து புறங்கையால் நெற்றியைத் தொட்டு, "வேர்த்தா விட்டுரும், எந்திரி" என்றீர்கள். "இன்னைக்கு ஒரு நாள் கெடக்கட்டுமே" என்றேன். "நீதான் புள்ளையைக் கெடுக்கிறே" என்றீர்கள்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் வெளியே போய் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது நான் அவளைப் பிடித்து அழுத்திப் படுக்க வைத்தேன். "அப்பாவை நான் பார்த்துக்கறேன், நீ படு" என்றேன். அவள் என் கையை எடுத்துவிட்டு, "அப்பாவுக்காக இல்லம்மா. படுத்துக் கெடந்தா எனக்கே உள்ளுக்குள்ள குத்துது" என்றாள். எழுந்து போனாள். தண்ணீர்த் தொட்டி வளைவில் விழுந்தாள். ஜுரம் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது, படுத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

நீங்கள் உள்ளே வைத்த முள் அது. நீங்கள் இல்லாதபோதும் குத்துகிற முள். இப்போது சின்னவளுக்குள்ளும் இருக்கிறது. லீவிலே, உங்கள் கண் படாத இடத்திலே, எதற்கு ஒற்றைக் காலில் குதிக்கிறாள்?

உங்கள் மனசு எனக்குத் தெரியும். சின்னவளை ஒரு நாள் படுக்க விட்டால், பெரியவளையும் விட்டிருக்கலாம் என்று ஆகிவிடும். அதற்குப் பயந்துதான் யாரையும் படுக்க விடுவதில்லை, உங்களையும் சேர்த்து.

நாளைக்கு அவளைப் பஸ் ஏற்றுகிறேன். இறங்கியதும் நேரே எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போகவில்லை என்று தெரிந்தால் மகனுக்கு எழுதுவேன்.

பெரியவளின் அம்மா

---

ஜூலை 1

சின்னவளின் பாட்டிக்கு,

கூட்டிப் போனேன். எலும்பில் மயிரிழை போல ஒரு கீறல். டாக்டர் சின்னப் பையன், ஆனால் கெட்டிக்காரன். "ஓடுறப்ப எலும்பு தேயும் சார், படுத்திருக்கறப்பதான் கட்டும். கட்ட விடாம தேய்ச்சுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டான். கீறல் சேரும்வரை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. போட்டிக்குப் பெயர் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

இனி நான் எழுதுவது உதவி கேட்டு.

நான் படு என்கிறேன். அவள் படுக்கமாட்டேன் என்கிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே கயிறு தாண்டுகிறாள். கயிற்றைப் பிடுங்கினேன். போர்வைக்குள் வயிற்றுப் பயிற்சி செய்கிறாள். தட்டில் பாதியை ஒதுக்கி வைக்கிறாள். "ஏம்மா?" என்றால், "ஓடாதவளுக்கு எதுக்கு தாத்தா சாப்பாடு, நீங்கதானே சொல்வீங்க" என்கிறாள். எப்போதோ வேடிக்கையாகச் சொன்னது. "அது சும்மா சொன்னதும்மா" என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். வயதாகித் தளர்ந்துவிட்டேன், அதனால் இறங்கி வருகிறேன் என்று நினைக்கிறாள்.

கத்தினேன். விசிலை எடுத்து ஊதக்கூடச் செய்தேன். விசில் ஊதினால் எழுந்து நிற்கத்தான் அவளுக்குத் தெரியும்.

எத்தனையோ பிள்ளைகளை ஓட வைத்திருக்கிறேன். ஒருத்தியை உட்கார வைக்கத் தெரியவில்லை. என்ன செய்ய? எழுது.

டிரில் மாஸ்டர்

---

ஜூலை 6

சின்னவளின் தாத்தாவுக்கு,

விடியலில் உங்கள் ஷூ சத்தம் கேட்கிறதா இல்லையா அந்த வீட்டில்? அப்புறம் எப்படிப் படுப்பாள்? நீங்கள் வேர்த்து வழிய உள்ளே வந்து, படு என்று சொன்னால், அது ஓடு என்றுதான் அவள் காதில் விழும்.

நீங்கள் படுங்கள். மறைவாக இல்லை, கூடத்தில், பட்டப்பகலில், அவள் வந்து போகிற இடத்தில். முதுகு வலி, தலைவலி என்று சாக்குச் சொல்லாதீர்கள். கேட்டால், சும்மா படுத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்து வயிறு நிறையச் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுங்கள். அவள் பார்க்கட்டும். ஓடாத மனுஷனும் சாப்பிடலாம், வானம் இடிந்து விழாது என்று பார்க்கட்டும்.

ஒரு நாளில் நிறுத்திவிடாதீர்கள். அவள் கால் சேருகிறவரை நீங்களும் ஓடக் கூடாது.

இதை எழுதுவதால் நான் மனசு மாறிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அது வேறே, இது வேறே.

பெரியவளின் அம்மா

---

ஜூலை 29

சின்னவளின் பாட்டிக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நீ சொன்னபடி படுத்தேன். முதல் நாள் தொடை ரெண்டும் தானாகத் துடித்துக்கொண்டே இருந்தன. அவள் கதவோரம் நின்று, "உடம்பு சரியில்லையா தாத்தா?" என்றாள்.

"இல்லம்மா. சும்மா படுத்திருக்கேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

"அப்ப உங்க பாக்கி?"

"தள்ளுபடி. ரெண்டு பேருக்கும்."

நம்பவில்லை. மறுநாளும் வந்து பார்த்தாள். அடுத்த வாரம் தலையணையை எடுத்துவந்து எனக்கு எதிர்ச் சுவரோரம் போட்டாள். கொஞ்ச நேரம் கால் நீட்டினாள். "குத்துது தாத்தா" என்றாள். "எனக்கும்தான்" என்றேன். அன்று தட்டில் மிச்சம் வைக்கவில்லை. எழுதிப் போடலாம், நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

ஆனால் கால் அசையாமல் கிடந்தால் பெரியவள் வந்துவிடுகிறாள். புறங்கையில் அந்தச் சூடு அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷம் ஓடியதெல்லாம் அவளை முந்திக்கொண்டு ஓடியதுதான் என்று படுத்த பிறகுதான் தெரிந்தது. அதே வாரம் வெள்ளிக்கிழமை என்னால் முடியவில்லை. சின்னவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, சத்தம் வராமல் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனையில் உட்கார்ந்து மாட்டினேன்.

தூங்கவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது படுத்திருந்தாள். "தூங்கினியாம்மா?" என்றேன். "ம்" என்றாள். சாயங்காலம் நோட்டு வாங்கப் போவதாகச் சொல்லிப் போனாள். மைதானத்தில் விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து ஓடியிருக்கிறாள். கீறல் விட்ட எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. மைதானத்தைக் காவல் காக்கிற கூர்க்காதான் தூக்கி வந்தான்.

ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாள். ஓடுவாளா என்று கேட்டேன். டாக்டர், "முதல்ல நடக்கட்டும் சார்" என்றான். மயக்கம் தெளிந்ததும் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஸாரி தாத்தா, முடிக்கல."

மகன் வந்துகொண்டிருக்கிறான். அவளை உன்னிடம் கொண்டு வந்து விடுவான். நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

நான்

---

ஆகஸ்ட் 20

சின்னவளின் தாத்தாவுக்கு,

மகன் விட்டுவிட்டுப் போய்விட்டான். உங்களைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பிள்ளைதானே, உள்ளே வைத்துக்கொள்வான்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ஊசியைத் தொட முடியவில்லை. நான் பொத்தான் தைத்துக் கொடுக்கிற பள்ளிச் சட்டைகளைத் தையல் கடைக்காரர் வந்து கேட்டார், நாளைக்கு வாருங்கள் என்று விரட்டினேன். உங்களுக்கு என்னென்ன சாபம் விட்டேன் என்று இங்கே எழுதவில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

சின்னவள் கட்டிலில் கிடக்கிறாள். கம்பி வைத்த காலைத் தலையணை மேல் வைத்திருக்கிறேன். இப்போது அவளால் எழுந்து குதிக்க முடியாது. ஆனாலும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. போர்வைக்குள் நல்ல காலின் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கிறது. நேற்று கேட்டாள்:

"தாத்தா இப்பவும் ஓடறாரா பாட்டி?"

நான் பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். எனக்குப் பொய் வராது. "தெரியலடி" என்றேன்.

"ஓடிக்கிட்டுதான் இருப்பாரு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தட்டு அப்படியே இருந்தது.

அதனால் எழுதுகிறேன். எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்க ஆசை இல்லை. பார்த்தால் அந்தச் செவ்வாய்க்கிழமையும் இந்த வெள்ளிக்கிழமையும் சேர்ந்துதான் தெரியும். ஆனால் அவளை உட்கார வைக்க என் வாய் போதவில்லை. நீங்கள் கொடுத்த வியாதி, நீங்கள் படுத்தால்தான் இறங்கும்.

பெரியவள் வருகிறாள், தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவள் தினமும் வருகிறாள். பொத்தானுக்கு நூல் கோக்கும்போது எதிரே வந்து உட்காருவாள். சிவந்த முகத்தோடுதான் வருவாள், ஒரு நாள்கூட நல்ல முகத்தோடு வந்ததில்லை. நான் எங்கே ஓடினேன்? வந்தால் வரட்டும். உட்கார்ந்துவிட்டு அவளாகவே எழுந்து போவாள். மறுநாள் மறுபடி வருவாள். அவ்வளவுதான் அது. அதற்கு மேலே அதில் ஒன்றும் இல்லை. செத்துப்போக மாட்டீர்கள், நான் சாகவில்லையே.

கிளம்பி வாருங்கள். ஷூவும் விசிலும் அங்கேயே இருக்கட்டும், செருப்போடு வாருங்கள். சின்னவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இடம் இருக்கிறது. அவள் கண்ணில் படுகிற மாதிரி படுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் ஸாரி கேட்காதீர்கள், கேட்டால் அவளும் திருப்பிக் கேட்பாள். என்னிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள், அது இந்த வீட்டில் இல்லை. பாய் இருக்கிறது.

எந்த பஸ் என்று முன்கூட்டியே ஒரு வரி போடுங்கள். பாயை வெயிலில் காயப் போட வேண்டும்.

பெரியவளின் அம்மா