நீ ஏறினால் வரும் சத்தம்

கெடாத என்ஜினைப் பிரித்தது குற்றம். பைக் ஷோரூம்காரர்கள் அந்தக் குற்றத்தைச் செய்தார்கள். பிரிக்கச் சொன்னது நான்தான் என்பது வேறு விஷயம்.

அது கெடாத என்ஜின் என்று இன்று காலையில்தான் தெரிந்தது. நீ மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியை விற்றாகிவிட்டது. வாங்கியவரிடம் சேர்க்கச் சொல்லி உன் மனைவி சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தாள். "அவுக இடுப்ப விட்டு எறங்காத சாமான். பத்திரமாக் கொண்டுபோங்கண்ணே" என்றாள். மிளகாய் நெடி இன்னும் போகாத இரும்புக் கொத்து. என் வேட்டி அந்தக் கனத்தைத் தாங்காது என்று பின்சீட்டுக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினேன்.

பாலவனத்தம் தாண்டி வேகம் பிடித்ததும் கேட்டது. டக், டக், டக். நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து வராத சத்தம்.

உனக்கு நினைவிருக்கும். நீ பின்னால் ஏறினால் அது வரும், இறங்கினால் நிற்கும். பாரம் ஏறினால் தட்டுகிறது என்றால் பிஸ்டனில்தான் கோளாறு என்று நான் முடிவு கட்டினேன். என்ஜின் வித்தையை நான் யாரிடமும் படித்ததில்லை. அதனால் யாரும் என்னைத் திருத்தவும் முடியாது.

"ஏலே, பிஸ்டனும் இல்ல, கிஸ்டனும் இல்ல. ஒனக்குக் காது போச்சு" என்றாய்.

"காது போச்சுன்னா சத்தம் எப்படிலே கேக்கும்?"

"அதான் சொல்றேன். இல்லாததெல்லாம் கேக்குது."

ஷோரூம் மெக்கானிக் தனியாக ஓட்டிப் பார்த்தார். "சத்தமே இல்லையே ஐயா" என்றார். ஆள் ஏற்றி ஓட்டச் சொன்னேன். இன்னொரு மெக்கானிக்கை ஏற்றி ஓட்டினார். அப்போதும் இல்லை. "இவரு ஒல்லி, இந்த லோடு பத்தாது. எங்க ஆள ஏத்துங்க" என்று உன்னைக் காட்டினேன். நீ ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தாய்.

"இவன் பின்னாலயே உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் வாரேன். இன்னொருத்தன் பின்னால வேற ஏறணுமா?" என்றாய்.

"ஒரே ஒரு ரவுண்டுதாங்கய்யா" என்று மெக்கானிக் கெஞ்சினார்.

"வண்டியில ஏறுனா இவன் பின்னாலதான். இல்லேன்னா பஸ்ஸு."

எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"கோளாறு தெரியாமப் பிரிக்கக் கூடாதுங்கய்யா" என்றார் மேனேஜர். "கோளாறுதான் தெரியுமே, பிஸ்டன்" என்றேன். பிரித்தார்கள். பிஸ்டன் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லித் திரும்பப் பூட்டினார்கள். அன்று முதல் ஆயில் கசிகிறது. வாசலுக்கு வந்து நீ ஏறினாய். டக், டக். "இன்னொரு பிஸ்டன் எங்கயாச்சும் இருக்கும், பாரு மாப்ளே" என்று பின்னாலிருந்து சிரித்தாய். உன் வயிறு குலுங்கியது, பச்சை பெல்ட்டு குலுங்கியது, அதில் தொங்கிய சாவிக்கொத்தும் குலுங்கியிருக்கும். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவன். எனக்கு எப்படித் தெரியும்?

இன்று வண்டியை ஓரங்கட்டினேன். கொத்தைக் கழற்றி மடியில் வைத்து ஓட்டினேன், சத்தம் இல்லை. மறுபடி மாட்டினேன், கொத்து கம்பியில் இடித்து வந்தது. கருவேலமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். பிறகு வாங்கியவருக்குப் போன் போட்டு, சாவி தர முடியாது என்றேன்.

"சாவி இல்லாம கிட்டங்கிய என்னண்ணே செய்ய?"

"பூட்டத் தொறந்து விடுறேன். புதுப் பூட்டாப் போட்டுக்கிருங்க."

ஆகவே, அவர் புதுப் பூட்டு வாங்க வேண்டும். உன் மனைவி இதற்குச் சம்மதிக்க வேண்டும், சம்மதிப்பாள். ஷோரூம்காரர்கள் ஆயில் கசிவை நிறுத்த வேண்டும், இனி என்ஜினில் கை வைக்குமுன் பின்னால் உட்காருகிறவரின் இடுப்பைச் சோதிக்கவும் வேண்டும். நீ அந்த மெக்கானிக்கின் பின்னால் ஒரு தடவை ஏறியிருக்க வேண்டும், ஏறாததே நல்லது. நான் செய்ய வேண்டியது, யார் கேட்டாலும் பிஸ்டன் கோளாறு என்று சொல்லிவிட்டு, கொத்தைக் கழற்றாமல் ஓட்டுவது.