பர்ஸானா கண்ட பிறை

பல்லேபொல,
ஞாயிறு, அஸருக்குப் பிறகு.

என் மகன் ரிஸ்விக்கு உம்மாவின் ஸலாம்.

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். வாப்பாவுக்கு முழங்கால் வலி பெருநாளோடு கூடியிருக்கிறது, ஆனாலும் பள்ளிவாசலுக்கு நடந்துதான் போகிறார். கராம்பு முக்கால்வாசி பறித்தாயிற்று. போன் இருக்க ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டால் கட்டாரில் உன் அறையே கேட்கும். நான் இங்கே வாய் திறந்தால் பக்கத்து வீட்டு அபீபா கேட்பாள். லீவில் வந்த மக்கீன் செவ்வாய்க்கிழமை கட்டாருக்குப் பிளேன் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் இது உனக்குக் கிடைக்க வேண்டும்.

உன் பெண்சாதி பர்ஸானாவுக்கு நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் என் காதிலும் விழுந்தது. அவள் எனக்குப் போட்டுக் காட்டவில்லை. குசினியில் கேட்டுக்கொண்டு நின்றாள், நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கண் பிசகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறாய். வாப்பாவின் மானத்தை வாங்க வேண்டாம் என்கிறாய். முடியாவிட்டால் இரத்தோட்டைக்கு, தாய் வீட்டுக்குப் போகட்டும் என்கிறாய். நடந்தது உனக்கு யார் யார் வாய் வழியாக வந்து சேர்ந்ததோ தெரியாது. நான் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு, படங்கு விரித்துக் காயப்போட்ட கராம்பை அள்ளப் பர்ஸானா வீட்டு மேல்தட்டுக்குப் போனாள். போன வேகத்தில் மாமி, பிறை என்று சத்தம் போட்டாள். நான் மூச்சு வாங்கிப் படியேறுவதற்குள் மேகம் மூடிவிட்டது. நான் எதையும் காணவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் உடனே வாப்பாவுக்குப் போன் எடுத்தாள். பள்ளி நிர்வாகத் தலைவர் அல்லவா, அவரும் பள்ளி முற்றத்தில் மற்றவர்களோடு வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாராம். வேறு யாரும் கண்டார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். சரி என்று வைத்துவிட்டார். இஷாவுக்குப் பிறகு பள்ளி ஸ்பீக்கரில் அவர் குரல்தான் வந்தது, பிறை தென்படவில்லை, நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும் என்று. ஒரே ஒரு பெண், அதுவும் தன் வீட்டு மருமகள் சொன்னாள் என்று சபையில் எப்படிச் சொல்வது என்று வந்து என்னிடம் கேட்டார். அவர் சொல்வதும் பிழையில்லை.

சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பப் போனால் பர்ஸானா விழித்திருக்கிறாள். கண்ணால் கண்ட பிறகு பெருநாளன்று நோன்பு பிடிப்பது ஹறாம் இல்லையா மாமி என்றாள். எனக்கு அதெல்லாம் தெரியாது. சுபஹுக்குப் பிறகு மௌலவிக்கே போன் எடுத்துக் கேட்டாள். கண்டது உறுதி என்றால் பிடிக்கக் கூடாது, ஆனால் யாருக்கும் தெரியாமல் சாப்பிடுங்க என்றாராம். ஆகவே நான் நோன்போடு அவளுக்குச் சமைத்தேன். பெருநாள் சாப்பாடு இல்லை, பருப்பும் கருவாடும்தான். அவளும் ஆசையாகத் தின்னவில்லை. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நாலு வாய் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அபீபா ரம்பை இலை கேட்டுப் பின்பக்கமாக வந்து கதவைத் தள்ளினாள். சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, தொழுகை இல்லாத நாளா என்று கேட்டாள். ஆமாம் என்றால் அதோடு முடிந்தது. மாதாமாதம் பெண்கள் எல்லோர் கையிலும் இருக்கிற பதில் அது. நான் கண்ணைக் காட்டினேன். பர்ஸானா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டும், இல்ல ராத்தா, நான் பிறை கண்டேன் என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அகப்பையைத் தூக்கி எறியப் பார்த்தேன். அஸருக்குள் ஊர் முழுக்கக் கதை போய்விட்டது. அவள் வராந்தாவில் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற பிள்ளைகளை இனி அனுப்ப வேண்டாம் என்று நிர்வாகத்தில் முடிவெடுத்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, மருமகளுக்குக் கண் பிசகிவிட்டது என்று வாப்பா எழுந்து நின்று சொல்ல வேண்டுமாம். அதற்கு அவள் ஒரு சொல் கொடுத்தால் போதும். வாப்பா தன்மையாகத்தான் கேட்டார். மாமா, நான் யாரையும் என்னோட பெருநாள் எடுக்கச் சொல்லல்ல, ஆனா காணல்லன்னு சொல்ல ஏலாது என்றாள். குரலை உயர்த்தவில்லை.

முப்பதாம் நோன்பு திறந்த அந்திக்கு வானம் வெளித்திருந்தது. பிறை இரண்டாம் நாள் பிறைபோல நல்ல தடிப்பு. தேடத் தேவையே இல்லை. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குள் போனார்கள். வாப்பா மேல்தட்டில் வெகுநேரம் தனியாக நின்றார். இறங்கி வந்து, பிள்ளையைச் சாப்பிடச் சொல்லு என்றார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

மகன், ஏன் சாப்பிட்டாள் என்று பள்ளியில் கேட்டார்கள். ஏன் வெளியில் சொன்னாள் என்று நீ கேட்டாய். என்ன கண்டாய் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான்கூட நேற்றுத்தான் கேட்டேன். பலாமரத்துக்கு இடப்பக்கம், மெல்லிசாக, இரண்டு முனையும் மேலே பார்த்தபடி இருந்ததாம். உனக்குப் போட்டோ அனுப்பத்தான் முதலில் போனைத் தூக்கினாளாம், அதற்குள் மேகம் வந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அழுதாள்.

உடுப்புகளை மடித்துப் பேக்கில் வைத்திருக்கிறாள். போ என்று நீ இன்னொரு தடவை சொன்னால் போய்விடுவாள். பிசகிவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் அவளுக்கு ஒரு கோல் எடு. ஸ்பீக்கரில் போடாதே. பிறை எப்படி இருந்தது என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. அல்லாஹ் உன்னையும், நீ கைபிடித்தவளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பானாக.

உன் உம்மா,
ஹிதாயா