கிளாஸ்கள் தொட்டுக்கொள்ளாத சனிக்கிழமை

அண்ணை,

சென்ற வாரம் வடலண்டனில், கிரீன் லேன்ஸில் ஒரு கடையில், தட்டில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணின் கையிலிருந்து ஒரு போத்தல் நழுவி விழுந்து உடைந்தது. நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். நான் விலகவில்லை. சப்பாத்து நனைந்தபடி நின்றேன். முதலில் உலர்ந்த திராட்சையின் மணம் வந்தது. அதன் பின்னால், மழையில் நனைந்த கல்லின் மணம். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். நான் மறுமொழி சொல்லாததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். உடைந்த கண்ணாடியில் ஒரு துண்டு பெயர்ச்சீட்டோடு கிடந்தது. சிவானியா என்ற அந்தச் சைப்ரஸ் மது இப்போது பெயர் அச்சிட்டு, தீர்வை செலுத்தி, விளக்கு வெளிச்சத்தில் விற்பனைக்கு இருக்கிறது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை.

நம் காலத்தில் அது பெயர்ச்சீட்டு இல்லாமல்தான் வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. என் சட்ட அலுவலகம் மாடியில், கீழே அன்ட்ரியாஸின் சிற்றுண்டிச்சாலை. புதிதாக வந்து சேர்ந்த நம் பொடியன்களுக்கு மொழிபெயர்க்க நீங்கள் சனிக்கிழமைகளில் வருவீர்கள். வேலை முடிந்ததும் படியிறங்கிக் கீழே போய் இருப்போம். சைப்ரஸின் வடக்கே ஒரு கிராமத்திலிருந்து போரில் துரத்தப்பட்டவர் அன்ட்ரியாஸ். மலைப்பக்கத்தில் இருந்த அவருடைய உறவினர் ஒருவர், திராட்சை பிழிந்தபின் எஞ்சும் தோலையும் விதையையும் புளிக்கவைத்து வடித்ததை, வருவோர் போவோரிடம் கொடுத்தனுப்புவார். தண்ணீர் போலத் தெளிந்த அந்தப் பொருள், உறைந்த பட்டாணிப் பைகளுக்கு நடுவே குளிர்பெட்டியில் படுத்திருக்கும்.

எங்கிருந்து வந்தது, எவர் அனுமதித்தார் என்று தெரியாத மதுவை நான் தொடமாட்டேன் என்று மறுத்தேன். நீங்கள் கிளாஸை என் பக்கம் தள்ளினீர்கள்.

"பேரிலேயே சிவன் இருக்கிறார், உமக்கென்ன பயம்? நான் குடியும் எண்டு சொல்லேல்லை. மணந்து பாரும். மணக்கிறதுக்குத் தீர்வை இல்லை."

மணந்து பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை நாக்கை நனைத்தேன். நெருப்பு என்றுதான் தோன்றியது. ஊர்ச் சாராயத்தைப் போல அண்ணாந்து ஊற்றுவதே பிழை என்று நீங்கள் திருத்தினீர்கள். உறைகுளிரில் சற்றுத் தடித்து ஒழுகும் அதைச் சிறிது சிறிதாக வாயில் வைத்திருக்க வேண்டும். குளிர் விலக விலக அதற்குள்ளிருந்து பழம் வெளியே வரும். இடையில் ஒரு வாதுமைப் பருப்பு, ஒரு துண்டு வெள்ளரிக்காய். குடித்து முடித்த கிளாஸைக் கழுவ விடமாட்டீர்கள். மது போனபின் அதில் தங்கும் மணம்தான் திராட்சையின் உண்மையான மணம் என்பீர்கள். ஆர்ச்வேயிலுள்ள கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கடைவாசலை நிமிர்ந்தும் பார்க்காமல் கடந்து போவீர்கள். அன்ட்ரியாஸ் உள்ளேயிருந்து கையசைப்பார். உங்களுடைய கை மட்டும் அசையும், முகம் திரும்பாது.

அவருடைய ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. உயிரோடிருப்பவரின் பெயரைச் சொன்னால் கிளாஸ்கள் தொட்டுக்கொள்ளும். இறந்தவரின் பெயரைச் சொன்னால் தொடுவதில்லை. உயர்த்திவிட்டு அமைதியாகக் குடிப்பார்கள். அதை அவர் விளக்கிய நாளில், போரில் காணாமற்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கிளாஸை நீட்டினார். நீட்டிய கை தொடுவதற்காகக் காத்திருந்தது. நீங்கள் தொட்டீர்கள். பிறகு "குகன்" என்றீர்கள். அவர் தொட்டார்.

குகன் உங்கள் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர். அதன்பின் அவரைக் கண்டவரில்லை. சனிக்கிழமை தோறும் இரண்டு தம்பிகளுக்காகவும் கண்ணாடி ஒலித்தது. நான் சாட்சி மட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குகனின் மனைவி லண்டனுக்கு வந்து, நோர்பரியில் தன் தமக்கையோடு இருந்தார். பொட்டை அழிக்கவும் முடியாமல், அதை வைத்துக்கொண்டு சபையில் நிற்கவும் முடியாமல் இருந்த அவருக்கு, எல்லாம் அறிந்தே மணக்க முன்வந்த ஒருவர் கிடைத்தார். அதற்கு முதல் திருமணத்தை நீதிமன்றம் முடித்துவைக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் செய்தியில்லாதவரை இறந்தவராகக் கொள்ள இந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. நெருங்கிய இரத்த உறவின் சத்தியக்கடதாசி இருந்தால் வழக்கு வலுக்கும். நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

என் அலுவலகத்தில் அவர் உங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"நான் அவரை மறக்கேல்லை, அத்தான். ஆனா நான் ஆர் எண்டு எனக்கு ஆராவது சொல்லவேணும்."

அவர் போனபின், என் தொழிலின் கடமைப்படி நான் விளக்கினேன். குகன் இறந்துவிட்டார் என்று நீங்கள் சத்தியம் செய்யத் தேவையில்லை; அவரைப்பற்றி இத்தனை ஆண்டுகளாக ஒரு செய்தியும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும். இரண்டும் வேறு வேறு என்றேன்.

"சட்டத்துக்கு வேறை. எனக்கு ஒண்டுதான்."

மூன்று சனிக்கிழமைகள் நீங்கள் வரவில்லை. நான்காவதில் வந்து, மாடிக்கு ஏறாமல் நேரே கீழே போய் இருந்தீர்கள். அன்ட்ரியாஸ் ஊற்றினார். நீங்கள் "குகன்" என்றீர்கள். அவருடைய கிளாஸ் மேசையின் நடுவரை வந்து நின்றது. உங்களுடையது வரவில்லை, உங்கள் நெஞ்சருகிலேயே இருந்தது. தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அன்ட்ரியாஸ் மெல்லக் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். மூவரும் தொடாமல் குடித்தோம்.

அடுத்து அவர் தன் தம்பியின் பெயரைச் சொல்லவேண்டிய முறை. சொல்லத் தயங்கினார். உங்களுக்காக அவனையும் அன்றைக்கு விட்டுக்கொடுக்கத் துணிந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். நீங்கள்தான் அந்தப் பெயரை உச்சரித்து, கையை எட்ட நீட்டி, அவருடைய கிளாஸைத் தொட்டீர்கள். அந்த ஒலியை நான் விரும்பிக் கேட்டதில்லை, அண்ணை. கேட்காமல் இருக்கவும் இயலவில்லை.

திங்கட்கிழமை கையெழுத்திட்டீர்கள். வழக்கை நடத்துபவன் முன்னால் சத்தியம் செய்ய முடியாது என்பதால், எதிர்த்தெருச் சட்டத்தரணியிடம் உங்களைக் கூட்டிச்சென்றேன். கீதையின் மேல் வைத்த கையை அவர் எடுக்கச் சொன்ன பின்னும் நீங்கள் எடுக்கவில்லை. தீர்ப்பு எதிர்ப்பின்றிக் கிடைத்தது. நோர்பரியில் நடந்த கலியாண எழுத்துக்கு நீங்களே சாட்சிக் கையெழுத்தும் வைத்தீர்கள்; மணமகனோடு சிரித்துப் பேசினீர்கள். பார்த்தவர்கள் உங்களைப் பெரிய மனிதர் என்றார்கள்.

அதன்பிறகு உங்களுக்குச் சிவானியா மணக்கவில்லை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோவீர்கள், திருப்பி வைப்பீர்கள். இந்த முறை சரியாக வடிக்கவில்லை போல என்பீர்கள். அதே போத்தலில் நானும் அன்ட்ரியாஸும் திராட்சையை மணந்துகொண்டிருந்தோம், வாய் திறக்கவில்லை. வீட்டுத் தொலைபேசி ஒலித்தால் உங்களைத் தவிர வேறொருவர் எடுக்கக்கூடாது என்று ஆகிவிட்டதாக உங்கள் மனைவி, அக்கா, சொன்னார். மறுமுனையில் யார் என்று கேட்குமுன் நீங்கள் சற்று நேரம் மூச்சைப் பிடித்துக்கொள்வீர்களாம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தபோது அக்கா வெளியே போகும்வரை காத்திருந்தீர்கள். பிறகு, வழக்கின் ஏதோ ஒரு விவரத்தைச் சரிபார்ப்பவர் போன்ற நிதானத்தில் கேட்டீர்கள்.

"அவன் வந்தா, என்னைத் தேடி முதல்ல உம்மட ஒப்பீசுக்குத்தான் வருவான். என்ன சொல்லுவீர்?"

அத்தகைய நிலைமைக்குச் சட்டத்தில் வழி உண்டு என்று தொடங்கினேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

நீங்கள் இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவில், உங்களுக்குப் பிடித்தவற்றைப் படைத்தபோது, அக்கா கேட்டுக்கொண்டபடி அன்ட்ரியாஸ் ஒரு சிறு கிளாஸில் ஊற்றி இலையருகே வைத்தார். இறந்தவருக்கு ஒரு கிளாஸைத் தனியாக ஊற்றி வைக்கும் நம் முறை அவருக்குப் புதிது. காலையில் அதை என்ன செய்வீர்கள் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

மாடிப்படி இன்னும் அதே படிதான், அண்ணை. நம்மவர்கள் இன்னும் ஏறி வருகிறார்கள். நாற்பதைக் கடந்த ஒருவர், மெலிந்தவர், கையில் ஒரு பையோடு வாசலில் நின்று, சட்டத்தரணி நீங்களோ என்று நம் ஊர்த் தமிழில் கேட்டால், அவர் தன் பெயரைச் சொல்லும்வரை நான் எழுந்து நிற்கிறேன். மரியாதை என்று நினைத்து அவர்கள் கூச்சப்படுகிறார்கள். பெயர் வந்ததும் உட்கார்ந்துகொள்கிறேன்.